விற்காமல் போன ஞாயிற்றுக்கிழமைகள்

அக்கா சிங்கப்பூர் வேலைக்குத் திரும்பிப் போவதா, இடியாப்பத்தோடு வீட்டிலேயே இருப்பதா என்று முடிவெடுக்க வேண்டியிருந்த அந்த மாதத்தில்தான் எனக்குப் பிவட் டேபிள் பைத்தியம் பிடித்திருந்தது.

இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். பைத்தியம் ஆபீசில் பிடித்தது. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், கூலாயில் ஒரு சரக்குக் கிடங்கில் எனக்கு வேலை. எந்த லாரி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எதை இறக்கியது, எப்போது வெளியே போனது என்று எக்செலில் தட்டிக்கொண்டே இருப்பேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தட்டியவன், தட்டியதை ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. ஒரு மதியம், சாப்பாட்டு நேரத்தில், ஏதோ ஒரு வீடியோவில் யாரோ செய்துகாட்டியதைப் பார்த்து, எல்லா வரிகளையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்துப் பிவட் டேபிள் என்ற பொத்தானை அழுத்தினேன். கிழமையைப் பிடித்து இழுத்து மேலே போட்டேன். மணியைப் பிடித்து இழுத்து இடது பக்கம் போட்டேன். கண் சிமிட்டுவதற்குள் ஒரு வருடத்து லாரிகள் அத்தனையும் மடிந்து ஒரு சின்ன அட்டவணைக்குள் உட்கார்ந்துகொண்டன. எண்ணுக்கு ஏற்றபடி கட்டத்துக்கு நிறம் கொடுக்கும் வசதி ஒன்று இருந்தது. அதையும் அழுத்தினேன். செவ்வாய்க்கிழமை முற்பகல் மட்டும் தகதகவென்று சிவந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் நெரிசல் என்பது கிடங்கில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் தெரிவது வேறு, அது கண்ணெதிரே சிவந்து நிற்பது வேறு. நான் தட்டிய வரிகளே எழுந்து வந்து என்னிடம் பேசியதுபோல் இருந்தது. சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே வேலைக்குத் திரும்பினேன்.

அன்று மாலை லாயாங் லாயாங் ஊர் வழியாக மோட்டாரில் குளுவாங்குக்கு வரும்போது, இருபக்கமும் செம்பனைத் தோட்டங்கள் ஓடிக்கொண்டிருக்க, எதைப் பார்த்தாலும் இதை எந்தப் பக்கம் இழுத்துப் போடலாம் என்றே தோன்றியது. வீட்டு வாசலில் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்ப, நம்பரு கூடுனா கலரு மாறுது,” என்றார் அப்பா.

“ஆமாப்பா.”

“நல்லது. கையக் கழுவிட்டு வா, சாப்பிடலாம்.”

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவன் நான் ஒருவன்தான். அப்பாவும் அம்மாவும் பண்டார் தெங்காரா பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். அப்பாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், அம்மாவுக்கு அதுவும் வராது. அக்கா பள்ளியில் மூன்றாம் படிவத்தோடு நின்றவள். அதனால் நான் எதைச் சொன்னாலும் வீட்டில் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார்கள். கேட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

அக்கா முன்பு சிங்கப்பூரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருந்தாள். திங்கள் விடியுமுன் பஸ் ஏறினால் வெள்ளி இரவுதான் திரும்புவாள். மகள் பிறந்ததும் நின்றுவிட்டாள். அக்காவின் கணவர், எங்கள் மாமா, லாரி ஓட்டுகிறவர். வடக்கே போனால் பல நாள் வரமாட்டார். பிள்ளைக்கு இரண்டு வயதான பிறகும் அவளைப் பிரிய மனமில்லாமல் அக்கா எங்கள் சமையலறையிலேயே இடியாப்பம் பிழிய ஆரம்பித்தாள். அம்மா மாவு வறுப்பார், அக்கா பிழிந்து அவிப்பாள், அப்பா மோட்டாரின் பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு கொண்டுபோய்க் கொடுப்பார். அரசாங்க ஆபீஸ் கேன்டீன், பள்ளிக்கூடக் கேன்டீன், ஸ்டேஷன் பக்கத்துக் கோப்பிக்கடை, அப்புறம் எங்கள் தாமான் குடியிருப்பிலும் சுற்றிலும் உள்ள வீடுகள். தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் தனித்தனிப் பொட்டலமாகப் போகும். மலாய்க்காரர்கள், சீனர்கள், நம்மவர்கள் எல்லாரும் வாங்கினார்கள். முதல் வருடம் அக்காவின் கைக்கு ஓய்வே இல்லை.

பிறகு, ஏனென்று தெரியாமல், மிஞ்சத் தொடங்கியது. அதுவும் சனிக்கிழமைகளில்தான். இடியாப்பம் மறுநாளைக்கு நிற்காது. சனி மத்தியானம் அம்மா அதை உதிர்த்து வெங்காயம் போட்டுக் கிளறுவார். சனி இரவும் அதுதான். அக்காவின் மகளுக்கு நான்கு வயது. தட்டைப் பார்த்ததும், “இன்னிக்குமா?” என்று கேட்டுவிட்டு என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். அப்படியும் தீராததை அக்கா குப்பையில் கொட்டுவாள்.

அந்தச் சமயத்தில்தான் சிங்கப்பூருக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்டு அம்மா போன் செய்தார். அக்காவின் பழைய லைனிலேயே ஓர் இடம் இருக்கிறதாம். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

“போயிரலாம்னு பாக்கறேன்,” என்றாள் அக்கா. “இங்க மாவ வறுத்து மாவக் கொட்டறதுக்கு, அங்க போயி சர்க்யூட் போர்டாவது பாக்கலாம்.”

“பாப்பா?” என்றார் அம்மா.

“வெள்ளிக்கெழம ராத்திரி வந்துருவேன்லமா. முன்ன மாதிரிதான்.”

முன்பு பிள்ளை இல்லை. இப்போது அவள் அக்காவின் காலைக் கட்டிக்கொண்டு நின்று, எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, சனிக்கெழம ஏன் மிஞ்சுதுன்னு கண்டுபிடிச்சுட்டா?” என்று நான் கேட்டேன்.

“கண்டுபிடிச்சுட்டா மிஞ்சாதா?”

“மிஞ்சாம பண்ணலாம்.”

“ஒன் லாரிக் கலர வெச்சா?”

“ஆமா. நீ ஆர்டரெல்லாம் எங்க எழுதி வெச்சிருக்க?”

“எதுக்கு எழுதணும்? எல்லாம் போன்லதான இருக்கு.”

போனை வாங்கிப் பார்த்தேன். வாட்சாப்பில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனி உரையாடல். ஆரம்பித்த நாளிலிருந்து ஒன்றையும் அவள் அழித்திருக்கவில்லை. அந்த உரையாடல்களை அப்படியே எழுத்துக் கோப்பாக வெளியே எடுக்கலாம் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாக எடுத்து எனக்கு அனுப்பிக்கொண்டேன். திறந்து பார்த்தால் ஒவ்வொரு வரியிலும் தேதி, நேரம், பேர், பேச்சு. எனக்குக் கை பரபரத்தது. நான் கிடங்கில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டுவதை, அக்கா இடியாப்பம் பிழிந்துகொண்டே, தன்னை அறியாமல், இத்தனை காலமாகச் சேர்த்து வைத்திருக்கிறாள்.

கோப்புகள் நிறைய இருந்தன. ஒன்றொன்றாகத் திறந்து ஒட்டுவதற்குள் மாதம் முடிந்துவிடும் என்று பயந்தேன். ஆனால் எல்லாக் கோப்புகளையும் ஒரே இடத்தில் போட்டு அந்த இடத்தைக் காட்டினால், எக்செல் உள்ளே போய் அத்தனையையும் எடுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிவிடுகிறது. வரியை வெட்டி, தேதியை ஒரு நெடுவரிசையிலும் பேரை இன்னொன்றிலும் பேச்சை மற்றொன்றிலும் வைத்துவிடுகிறது. இது நான் தினமும் திறக்கிற மென்பொருளின் உள்ளேயே இருந்திருக்கிறது. ஒரு வீட்டில் வருடக்கணக்காகக் குடியிருந்துவிட்டு, மாடி இருப்பதை அன்றைக்குத்தான் கண்டுபிடித்தவன்போல் ஆகிவிட்டேன்.

அடுத்ததாக ஒரு சிக்கல் வந்தது. பாதிப் பேர் எண்ணே சொல்வதில்லை. “அக்கா, நாளைக்கு பியாசா.” “காக், மாச்சாம் பியாசா.” “பியாசா லா.” மூன்று இனத்தாரும் ஒரே சொல்லைத்தான் பிடித்து வைத்திருந்தார்கள். வழக்கம்போல் என்பதை எப்படிக் கூட்டுவது? மாவு பிசைந்துகொண்டிருந்த அக்காவின் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

“ஸ்டேஷன் கோப்பிக்கடை அங்கிளுக்கு பியாசான்னா எத்தன?”

“நாப்பது.”

“எப்பவுமேவா?”

“மழ பெஞ்சா முப்பது. அவரு சொல்லமாட்டாரு. அப்பாவே கொறச்சுக் குடுத்துட்டு வந்துருவாரு.”

“மழய நான் எக்செல்ல எங்கக்கா எழுதறது?”

“அது ஒன் பாடு. நீதான படிச்சவன்.”

“சரி, மூல வீட்டு டீச்சர்?”

“இருபது. இல்ல, பொறு, அவங்க பெரிய பையன் ஹாஸ்டல் போனப்பறம் பதினஞ்சு. சரியாத் தெரியல லா. பதினஞ்சுன்னே போடு.”

இப்படியே ஒவ்வொருவராகக் கேட்டு, பேருக்கு எதிரே எண் வைத்து ஒரு தனிப் பட்டியல் செய்தேன். பிறகு ஒரு சூத்திரம்: பேச்சில் எண் இருந்தால் அதை எடு, பியாசா என்று இருந்தால் இந்தப் பட்டியலில் அந்தப் பேரைத் தேடி எண்ணைக் கொண்டுவா, நாளைக்கு என்று இருந்தால் தேதியோடு ஒன்றைக் கூட்டு. முதல் கட்டத்தில் எழுதி, அதன் மூலையைப் பிடித்து இரண்டு முறை தட்டினேன். கீழே கடைசி வரி வரைக்கும் எண்கள் மளமளவென்று இறங்கின. அக்காகூட மாவுக் கையோடு எட்டிப் பார்த்தாள்.

“அட,” என்றாள். “எல்லாத்தயும் ஒரேடியாவா?”

“ஒரேடியா.”

“எண் இல்லாத வரியெல்லாம் என்னா பண்ணுவ?”

“அதெல்லாம் தேவையில்லக்கா. ‘வணக்கம்’, ‘நன்றி’, கையெடுத்துக் கும்புடற பொம்ம. எல்லாத்தயும் தூக்கிட்டேன். நீ அனுப்புன பதிலும் வேணாம். ஆர்டர் குடுக்கறது அவங்கதான.”

தூக்கியதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. சுத்தமான தரவு என்று வீடியோக்காரர்கள் எல்லாரும் சொல்கிறார்களே, அதைச் செய்துவிட்ட பெருமை.

அந்த வார இறுதியில் முதல் படம் தயாரானது. கிழமைக்கு ஒரு தூண். இரண்டு வருடத்து ஆர்டர்களைக் கூட்டி, வாரங்களால் வகுத்து, ஒவ்வொரு கிழமைக்கும் சராசரி. சனி உயரமாக நின்றது. திங்கள் முதல் வியாழன் வரை ஏறக்குறைய ஒரே மட்டம். வெள்ளியும் ஞாயிறும் கொஞ்சம் தணிந்து நடுத்தரமாக நின்றன. சமையலறை மேசையில் லேப்டாப்பை வைத்து வீட்டையே கூப்பிட்டேன்.

“சனிக்கெழமதான் அதிகம். அதனால கொறைக்க வேணாம்,” என்று ஆரம்பித்தேன். “வெள்ளிக்கெழம மட்டும் கொஞ்சம் கொறச்சுக்க. ஞாயித்துக்கெழமயும் அதே அளவு பிழிஞ்சாப் போதும்.”

அக்கா என்னையும் திரையையும் பார்த்தாள்.

“தம்பி, ஞாயித்துக்கெழம நான் அடுப்பே பத்த வைக்கறதில்லயே.”

“இல்லக்கா, இங்க பாரு, சராசரி…”

“என்னா சராசரி? ஸ்கூலும் இல்ல, ஆபீசும் இல்ல. லீவு மாத்துனதுலேருந்து ஞாயித்துக்கெழம நான் ரெஸ்ட்டு. நீயும்தான வீட்ல படுத்துக் கெடக்க, பாக்கல?”

அப்பா சிரிக்க ஆரம்பித்துவிட்டார். “கம்ப்யூட்டருக்கு நம்ம ஜொகூரு தெரியாது போல.”

“கம்ப்யூட்டருக்கு இல்லப்பா, இவனுக்கு,” என்றாள் அக்கா.

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஜொகூரில் பல வருடம் பள்ளிக்கும் அரசாங்க ஆபீசுக்கும் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் சீருடை போட்டுக்கொண்டு போவார்கள். பிறகுதான் அதைச் சனி, ஞாயிறு என்று மாற்றினார்கள். இங்கே இருப்பவர்களுக்கு வாழ்க்கையே ஒரு நாள் நகர்ந்து உட்கார்ந்த மாதிரி. நானோ மலாக்காவில் விடுதியில் தங்கிப் படித்தவன். வேலைக்குச் சேர்ந்த கிடங்கு சிங்கப்பூர்ச் சரக்கைப் பார்ப்பது. அங்கே எப்போதுமே சனி, ஞாயிறுதான் லீவு. மாற்றம் என்னைத் தொடாமலே போயிருந்தது.

ஆக, நான் செய்தது இதுதான். இடியாப்பம் கேன்டீன்களுக்குப் போன பழைய ஞாயிறுகளையும், அடுப்பே எரியாத புதிய ஞாயிறுகளையும் ஒன்றாகப் போட்டுக் கூட்டி வகுத்திருக்கிறேன். கிடைத்தது எந்த வருடத்திலும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கும் அதே கதி. முன்பு அது விடுமுறை, இப்போது வேலைநாள். அழகான தூண்கள், ஆனால் அப்படி ஒரு வாரத்தில் யாரும் வாழவில்லை.

வெட்கம் கொஞ்ச நேரம்தான். பிறகு எனக்கு வந்தது சந்தோஷம். மிஞ்சுவதற்குக் காரணம் இந்த மாற்றத்துக்குள்தான் எங்கோ இருக்கிறது என்று அப்போதே தோன்றிவிட்டது. புதிதாக ஒரு நெடுவரிசை சேர்த்தேன்: மாற்றத்துக்கு முன், மாற்றத்துக்குப் பின். இன்னொன்று: வேலைநாளா, விடுமுறையா. வேலைநாட்களை எண்ணுவதற்கு எக்செலில் ஒரு சூத்திரம் இருக்கிறது. எந்தெந்தக் கிழமை விடுமுறை என்று நாமே அதற்குச் சொல்லலாம். அந்தத் தேர்வுகளைப் பார்த்துக்கொண்டே போனால், வெள்ளி, சனி என்று தனியாக ஒன்று இருந்தது. உலகத்தில் எங்கோ இருக்கும் ஒருவர் எங்களைப்போல் வாழ்கிறவர்களையும் நினைத்துப் பார்த்து அதை எழுதியிருக்கிறார் என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“பாத்தீங்களாப்பா, ஜொகூரு தெரியும் அதுக்கு.”

“கேட்டாத்தான் சொல்லுது,” என்றார் அப்பா.

மறுநாள் ஞாயிறு மத்தியானம், பிஸ்கட் தின்றுகொண்டிருந்த பிள்ளையை ஒரு பக்கமும், அக்காவை இன்னொரு பக்கமும் உட்காரவைத்து இரண்டு படங்களையும் அருகருகே திறந்தேன். இடது பக்கம் மாற்றத்துக்கு முன், வலது பக்கம் பின். இடதில் சனிக்கிழமை ஒரு மலை. வலதில் அதே சனி பாதிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.

“கொறஞ்சிருச்சே,” என்றாள் அக்கா. “நான் அதே பெரிய சட்டியிலதான பிசையறேன். சனிக்கெழமன்னா பெரிய சட்டி.”

“அப்ப ஏன் சனிக்கெழம அவ்ளோ வாங்குனாங்க?”

அக்கா யோசித்தாள். “அப்ப சிங்கப்பூர்ல வேல பாக்கறவங்களுக்கு லீவு சனி ஞாயிறு. இங்க புள்ளைங்களுக்கு வெள்ளி சனி. புருசன், பொண்டாட்டி, புள்ளைங்க எல்லாரும் ஒண்ணா ஒக்காந்து பசியாறுறது சனிக்கெழம காலையில மட்டும்தான். நானே அப்படித்தான இருந்தேன். வெள்ளி ராத்திரி வந்து எறங்கி, சனிக்கெழம உங்களோட சாப்பிட்டு, ஞாயித்துக்கெழம அம்மாவும் நானும் மொகத்த மொகத்தப் பாத்துக்கிட்டு இருப்போம்.”

“இப்ப?”

“இப்ப ரெண்டு நாளும் ஒண்ணாத்தான் இருக்காங்க.”

சொல்லி முடித்ததும் அவள் கண் தானாக ஞாயிற்றுக்கிழமைக்குப் போனது. என் கண்ணும்தான். வலது படத்தில் ஞாயிறு இருந்த இடத்தில் தூணே இல்லை. வெள்ளையாகக் கிடந்தது.

சனியில் குறைந்தது எங்கே போனது? ஞாயிற்றுக்குத்தான் நகர்ந்திருக்க வேண்டும். ஆனால் அக்கா ஞாயிறு விற்பதில்லை. விற்காததற்கு வரி ஏது? அப்போதுதான் பிடிபட்டது. வரி இருக்கிறது. நான்தான் தூக்கிப் போட்டுவிட்டேன். எண் இல்லாத வரிகள். அக்காவின் பதில்கள்.

மூலக் கோப்புகள் அப்படியேதான் இருந்தன. திரும்பவும் எல்லாவற்றையும் உள்ளே இழுத்தேன். இந்த முறை அக்காவின் பதில்களை, ஒவ்வொன்றுக்கும் முன்னால் வந்த கேள்வியோடும் கேட்டவர் பேரோடும் சேர்த்து வைத்துக்கொண்டேன்.

“அக்கா, இல்லன்னு சொல்லணும்னா நீ என்னா எழுதுவ?”

“ஹபிஸ்னு போடுவேன். தீந்துருச்சுன்னு. இல்லன்னா, ‘லீவு லா’. அவ்ளோதான்.”

ஹபிஸ், லீவு, இரண்டையும் தேடி வடிகட்டினேன். வரிகள் வந்தன. வந்துகொண்டே இருந்தன. கிழமையை இழுத்து மேலே போட்டால் சனிக்கிழமை சிவந்தது, ஞாயிறும் சிவந்தது. சனிக்கிழமை ஏன் என்று குழம்பி, ஒன்றிரண்டைத் திறந்து படித்தேன். சனி சாயங்காலம் ஒருவர் கேட்டிருக்கிறார்: ‘நாளைக்கு இருக்கா?’ அக்காவின் பதில்: ‘லீவு லா.’ கேட்ட நாள் சனி. சாப்பிட நினைத்த நாள் ஞாயிறு. நாளைக்கு என்ற சொல் இருந்தால் தேதியோடு ஒன்றைக் கூட்டும் அதே சூத்திரத்தை இங்கேயும் போட்டேன். சனிக்கிழமை வெளுத்துப் போனது. அதன் சிவப்பெல்லாம் பக்கத்துக் கட்டத்தில் போய்ச் சேர்ந்தது. மொத்த அட்டவணையிலும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் கனல்போல் நின்றது.

அக்கா திரைக்கு மிக அருகில் குனிந்தாள்.

“இது எல்லாமே நான் இல்லன்னு சொன்னதா?”

“ஆமாக்கா.”

“இவ்ளோ பேருக்கா?” அவள் குரல் இறங்கியிருந்தது. “ஒவ்வொருத்தரும் கேக்கறப்ப, ஒரு ஆளுக்குத்தான இல்லன்னு சொல்றோம்னு தோணும்.”

அக்காவுக்கு ஞாயிறு வெறும் ஓய்வுநாள் இல்லை, மகளோடு முழுதாக இருக்கும் நாள். அதை எனக்கு அவள் சொல்ல வேண்டியதில்லை. அன்று சாயங்காலம் அம்மாவோடு பின்பக்கம் உட்கார்ந்து மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள். உள்ளே வந்தவள் சொன்னாள்: “வர்ற ஞாயிறு ஒரு தடவ பண்ணிப் பாப்போம். காலையில மட்டும். சனிக்கெழம சின்ன சட்டி. கேட்டவங்க பேரெல்லாம் எடுத்துக் குடு.”

எடுத்துக் கொடுப்பது ஒரு சொடுக்கு. பேரை இழுத்துப் போட்டால் பட்டியல். சனிக்கிழமை பகலில், சின்னச் சட்டி இடியாப்பம் மீதமில்லாமல் போன பிறகு, அக்கா அந்தப் பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினாள்: ‘நாளைக்கு இருக்கு.’

முதல் பதில் பின்வரிசை வீட்டு மலாய்க்கார அம்மாவிடமிருந்து வந்தது. அக்கா படித்துவிட்டுச் சிரித்தாள்.

“என்னாக்கா?”

“அலமாக், அடக் கடவுளே, இத்தன நாளா எங்க போயிருந்தன்னு கேக்குறாங்க. முப்பது வேணுமாம்.”

ஞாயிறு காலை எங்கள் வீட்டில் அதுவரை நான் பார்க்காத காலையாக இருந்தது. அப்பா பெட்டியோடு போனார், வெறும் பெட்டியோடு வந்தார், மறுபடியும் போனார். கேட்டருகே கைலியோடு ஒருவர் பேரனைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். சிங்கப்பூர்ப் பதிவெண் வண்டி ஒன்று வந்து நின்று, உள்ளே இருந்தவர் இறங்காமலே பத்து வேண்டும் என்றார். நான் லேப்டாப்பைச் சலவை இயந்திரத்தின் மேல் வைத்து, ஆர்டர் வர வரத் தட்டிக்கொண்டிருந்தேன். வெள்ளையாகக் கிடந்த ஞாயிற்றுக் கட்டம் லேசாக நிறம் பிடித்தது. கொஞ்சம் ஏறியது. இன்னும் ஏறியது.

“அக்கா, ஆரஞ்சுக்கு வந்துருச்சு.”

“அத மூடி வெச்சிட்டு தேங்காயத் துருவு,” என்றாள் அக்கா. “அம்மாவுக்குக் கை வலிக்குது.”

பத்து மணிக்கெல்லாம் மாவு தீர்ந்தது. அப்பா கடைசிச் சுற்றை முடித்துவிட்டு வந்து நாற்காலியில் சாய்ந்தார். அக்கா குளித்துவிட்டு வந்து மகளை மடியில் போட்டுக்கொண்டு தலைவாரத் தொடங்கினாள். மாதம் முடிய இன்னும் சில நாட்களே இருந்தன.

“இன்னும் மூணு நாலு ஞாயிறு பாத்தாத்தான்க்கா நிச்சயமா சொல்ல முடியும்,” என்றேன். பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. “ஒரு நாள வெச்சு ஒண்ணும் சொல்லக்கூடாது. ரொம்ப நாளு இல்லாததுனால ஆசையா வாங்கியிருக்கலாம்.”

“ஏஜெண்டு அம்மா நாலு ஞாயிறு காத்திருக்கமாட்டாங்க தம்பி.”

சீப்பை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் யோசித்தாள். பிறகு கேட்டாள்: “நான் இல்லன்னு சொன்னவங்கள்ல, ஒரு தடவ கேட்டுட்டு விட்டவங்க எத்தன பேரு, மறுபடி மறுபடி கேட்டவங்க எத்தன பேருன்னு ஒன் எக்செலு சொல்லுமா?”

அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. பேரை இழுத்து இடது பக்கம் போட்டேன். ஒவ்வொருவரும் வெவ்வேறு வாரங்களில் எத்தனை முறை கேட்டார்கள் என்று எண்ணச் சொன்னேன். பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினேன். திரையை உருட்டி உருட்டிக் கீழே போக வேண்டியிருந்தது. ஒரே ஒருமுறை கேட்டுவிட்டுப் போனவர்கள் கடைசியில் கொஞ்சம் பேர். மற்றவர்கள் எல்லாரும் லீவு என்று பதில் வந்த பிறகும், அடுத்த வாரம் கேட்டிருக்கிறார்கள். அதற்கடுத்த மாதமும் கேட்டிருக்கிறார்கள். பின்வரிசை அம்மா விடாமல் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

அக்காவிடம் திரையைத் திருப்பிக் காட்டினேன். விரலை வைத்து மேலிருந்து ஒவ்வொரு பேராகப் படித்தாள். சில பேர்களில் விரல் நின்று நின்று போனது. முழுதும் படித்தபின் போனை எடுத்தாள்.

ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் ஏஜெண்டு அம்மாவின் குரல் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

“சொல்லும்மா. என்னிக்குக் கெளம்புற?”

“இல்லங்க, நான் வரல. வேற ஆளப் பாத்துக்குங்க.”

“நல்லா யோசிச்சியா? அப்பறம் எடம் இருக்காது, சொல்லிட்டேன்.”

“யோசிச்சுட்டேங்க.”

“என்னா, அங்க வேற பெரிய வேல கெடச்சிருச்சா?”

“பெரிய வேலல்லாம் இல்லங்க,” என்றாள் அக்கா. “நான் இல்லன்னு சொன்னாலும் ஆளுங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க.”

அக்கா போனை வைத்தாள். பாதி வாரிய தலையோடு மடியிலேயே தூங்கிப்போயிருந்த மகளை மெல்லத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு உள்ளே போனாள்.